தென்னையில் வெள்ளை ஈ: மருந்தடிக்கும் முன் ஓலையைப் புரட்டிப் பாருங்கள்

வணக்கம். கீழ் ஓலைகள் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டதாகவும், கடைக்காரர் சொன்ன பூச்சிக்கொல்லியை நாளையே அடிக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்தி வையுங்கள். ஓலையின் அடியில் வெண்மெழுகு சுருள் சுருளாக இருப்பதாக நீங்கள் சொல்வதைப் பார்த்தால், இது 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயாகவே இருக்க வேண்டும். கறுப்பு என்பது அந்த ஈக்கள் கழிக்கும் இனிப்பான திரவத்தின் மேல் வளரும் பூசணம்; அதனால் மரம் பட்டுப்போகாது.

ஓர் ஓலையை வெட்டி, அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடிக்கு நடுவே கறுத்துப்போன கூட்டுப்புழுக்களும் அவற்றில் சிறு வட்டத் துளைகளும் தென்பட்டால், வெள்ளை ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவி உங்கள் தோப்பில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். மருந்தடித்தால் அந்தக் குளவியும் சேர்ந்து அழிந்துவிடும், பிறகு ஈ இன்னும் கடுமையாகத் திரும்பும் என்பதே என் கவலை. கறுத்த கூடுகள் உள்ள ஓலைத் துண்டுகளைக் குளவி இல்லாத மரங்களில் கட்டிவிடுங்கள்.

ஏக்கருக்கு 8 மஞ்சள் பாலித்தீன் தாள்களில் விளக்கெண்ணெய் தடவி 6 அடி உயரத்தில் கட்டலாம். விசைத்தெளிப்பானால் வெறும் தண்ணீரை ஓலையின் அடியில் பீய்ச்சினாலும் ஈக்கள் குறையும். கறுத்த ஓலைகளின் மேல், லிட்டருக்கு 25 கிராம் வீதம் மைதாவைக் கரைத்துக் காய்ச்சி ஆறவைத்த பசையைத் தெளியுங்கள். அது வெயிலில் காய்ந்து உதிரும்போது பூசணமும் கூடவே உரிந்து வந்துவிடும்.