விண்டோஸ் 11க்கு மாறலாமா, இருக்கறதோட ஓட்டலாமா? உங்க கேள்விகளுக்கு என் பதில்

இந்த தடவை வந்ததுல முக்காவாசி ஒரே கேள்விதான். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சதுலேர்ந்து எல்லாருக்கும் ஒரே பதட்டம். எழுதும்போது ப்ராசசர் மாடல், ரேம், எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா, இந்த மூணும் எழுதுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சரி, வந்த வரைக்கும் பாப்போம்.

"சார் என்கிட்ட ஐ5 லேப்டாப் இருக்கு, 11 போடலாமா?" (திருநெல்வேலி)

எந்த ஐ5 தம்பி? ஐ5ங்கற பேரு 2009லேர்ந்து வந்துட்டிருக்கு. கோடு போட்டதுக்கு அப்புறம் வர்ற நம்பர பாருங்க. 8250ன்னா எட்டாவது ஜெனரேஷன், போடலாம். 7200ன்னா ஏழு, மைக்ரோசாஃப்ட் ஒத்துக்காது. 10210ன்னா பத்து, தாராளமா போடலாம். ஏஎம்டியோட ரைசன்னா பொதுவா 2000 சீரிஸுக்கு மேல. அதுக்கு மேலயும் சந்தேகம்னா பிசி ஹெல்த் செக்னு மைக்ரோசாஃப்டே ஒரு டூல் குடுக்குது, அஞ்சு நிமிஷ வேலை.

"பிராசசர் எட்டாவது ஜென்தான், ஆனா டிபிஎம் இல்லன்னு வருது. மதர்போர்டு மாத்தணும்னு கடைல சொல்றாங்க." (ஈரோடு)

அந்த கடைக்கு இனிமே போகாதீங்க. டிபிஎம்ங்கறது 11 கேக்கற பாதுகாப்பு சிப், அது உள்ளயேதான் இருக்கு, பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங்ஸ்) ஆஃப் ஆகி கெடக்கும். இன்டெல்லா இருந்தா பிடிடின்னு ஒரு ஆப்ஷன், ஏஎம்டின்னா எஃப்டிபிஎம், அத எனேபிள் பண்ணுங்க. டிஸ்க்க பிரிச்சு வெக்கற முறை பழைய எம்பிஆர் டைப்பா இருந்தா அத புது ஜிபிடிக்கு மாத்தின பிறகுதான் செக்யூர் பூட் (ஸ்டார்ட் ஆகும்போது கண்ட ப்ரோக்ராமும் நுழையாம தடுக்கற ஆப்ஷன்) பக்கம் போகணும். மாத்தறதுக்கு முன்னாடி பேக்கப். இத இன்னும் நாலு தடவை சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

"10லயே இருந்தா கம்ப்யூட்டர் நின்னுடுமா?" (காரைக்கால்)

நிக்காது. செக்யூரிட்டி பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைய அடைக்கற அப்டேட், வர்றதுதான் நிக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சைன் இன் பண்ணி, செட்டிங்ஸ பேக்கப் சிங்க் பண்ணா காசில்லாமயே 2026 அக்டோபர் 13 வரைக்கும் பேட்ச் வரும், பேரு இஎஸ்யு (எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்ஸ்). சிங்க் வேண்டாம்னா 30 டாலர், இல்லன்னா அவங்களோட ரிவார்ட்ஸ் பாயின்ட் 1000. ஆனா உங்க மெஷின் 22எச்2 வெர்ஷன்ல இருக்கணும். ஸ்டார்ட்ல வின்வெர்னு டைப் பண்ணி பாருங்க. அத வாங்கி வெச்சுகிட்டு நிதானமா முடிவெடுங்க, ஆனா அந்த ஒரு வருஷத்தையும் தூங்கியே கழிச்சிடாதீங்க.

"மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன். இருபது வருஷமா ஃபாக்ஸ்ப்ரோல எழுதின பில்லிங்தான் ஓடுது. புது கம்ப்யூட்டர்ல விண்டோஸ் 11ல அது வரலங்கறாங்க, உண்மையா?" (திண்டுக்கல்)

உண்மைதாங்க, நல்ல வேளை வாங்கறதுக்கு முன்னாடி கேட்டீங்க. ஃபாக்ஸ்ப்ரோ மாதிரி டாஸ் காலத்து (விண்டோஸுக்கு முந்தின) ப்ரோக்ராம்ல பாதிக்கு மேல 16 பிட். அதெல்லாம் 32 பிட் விண்டோஸ்லதான் நேரா ஓடும். 10ல 32 பிட் இருந்துச்சு, உங்க கடை மெஷின் அனேகமா அதுதான், 11ல 32 பிட்டே கிடையாது. டாஸ்பாக்ஸ்னு ஒரு இலவச ப்ரோக்ராமுக்குள்ள ஓட்டலாம், ஓடும், ஆனா டாட் மேட்ரிக்ஸ்ல பில் அடிக்கறப்பதான் மக்கர் பண்ணும். அதனால நீங்க அவசரப்படாதீங்க. புது மெஷின்ல தனியா செட் பண்ணி, பத்து நாள் ரெண்டுலயும் பில் போட்டு ஒத்துப் பாத்துட்டு அப்புறம் மாறுங்க. பழைய மெஷின நெட்லேர்ந்து கழட்டிட்டா அது பாட்டுக்கு ஓடட்டும். ஸ்டாக் ஃபைல் எல்லாத்தையும் தினம் ஒரு பென் டிரைவ்ல எடுங்க, அந்த பென் டிரைவ் கடைல இருக்கக் கூடாது, வீட்டுக்கு வரணும்.

"டேட்டா எல்லாம் டி டிரைவ்ல பேக்கப் வெச்சிருக்கேன், சேஃப்தான். சர்வீஸ் சென்டர்ல குடுத்து 11 போட்டுக்கலாமா?" (கும்பகோணம்)

மேடம், உங்க மேல கோவம் இல்ல, ஆனா இந்த வரிய மாசத்துக்கு பத்து பேராவது எழுதறாங்க, படிக்கும்போதே எனக்கு ப்ரெஷர் ஏறுது. டி டிரைவ்ங்கறது பேக்கப் இல்ல. சி, டி, ஈ எல்லாம் பெரும்பாலும் லேப்டாப்ல ஒரே டிஸ்குதான், நடுவுல கோடு போட்டு பிரிச்சிருக்கு, அவ்ளோதான். முன் ரூம் பீரோல இருந்த நகைய பின் ரூம் பீரோல வெச்சிட்டு பேங்க் லாக்கர்ல வெச்சிட்டேன்னு சொன்னா எப்படி? திருடன் வீட்டுக்குள்ள வந்தா ரெண்டு ரூமுக்கும்தானே போவான்.

என் சித்தப்பா பொண்ணு கதைய சொல்றேன். கல்யாண போட்டோ, வீடியோ, குழந்தை பொறந்ததுலேர்ந்து எடுத்தது எல்லாம் டி டிரைவ்ல. கடைல குடுத்தா, "சி மட்டும்தான் ஃபார்மட் பண்ணுவோம்க்கா"ன்னு சொல்லி வாங்கியிருக்காங்க, வேலை பாத்த பையன் இன்ஸ்டால் ஆகலன்னு மொத்த பார்ட்டிஷனையும் டெலீட் பண்ணி ஒரே டிரைவா போட்டு குடுத்துட்டான், கேட்டா "எல்லாம் இப்படித்தான் பண்ணுவோம்"னு பதில். எஸ்எஸ்டிங்கறதால ரெகவரிலயும் ஒண்ணும் தேறல, ஏன்னா டெலீட் பண்ண இடத்த எஸ்எஸ்டி தானாவே துடைச்சி வெச்சிடும், பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி காத்துகிட்டு இருக்காது. அவ அழுத அழுகை எனக்குதான் தெரியும். அந்த பையன திட்டி என்ன பிரயோஜனம், வெளிய ஒரு காப்பி இருந்திருந்தா அவன் என்ன பண்ணியிருந்தாலும் சிரிச்சிட்டு வந்திருக்கலாம்.

இப்ப இதுல புது சிக்கல் ஒண்ணு சேந்திருக்கு. விண்டோஸ் 11ஓட 24எச்2 வெர்ஷன்லேர்ந்து புதுசா இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல நுழைஞ்சா நிறைய மெஷின்ல டிஸ்க் என்க்ரிப்ஷன் (டிஸ்க்ல இருக்கறத பூட்டி வெக்கறது) தானா ஆன் ஆயிடுது. அப்புறம் என்னைக்காவது ஸ்டார்ட் ஆகும்போது 48 இலக்க ரெகவரி கீ கேக்கும். கடைக்காரர் அவரோட மெயில் ஐடிய போட்டு செட் பண்ணியிருந்தா அந்த கீ அவர் அக்கவுன்ட்ல இருக்கும், உங்க லேப்டாப்புக்கு சாவி அவர்கிட்ட! அதனால கூட நின்னு உங்க ஐடில போடச் சொல்லுங்க, கீய பேப்பர்ல எழுதி ரேஷன் கார்டு வெக்கற இடத்துல வெச்சிடுங்க.

உங்க கேள்விக்கு பதில்: போட்டுக்கலாம். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, காப்பி பண்ணி, அத வேற கம்ப்யூட்டர்ல சொருகி நாலு ஃபைல ஓபன் பண்ணி பாத்துட்டு. அதுவரைக்கும் வேண்டாம்.

"ஆறாவது ஜென்தான், ரூஃபஸ் வெச்சு டிபிஎம் செக்க தூக்கிட்டு போடலாம்ல ப்ரோ?" (கோயம்புத்தூர், காலேஜ் மாணவர்)

ரூஃபஸ்ங்கறது இன்ஸ்டால் பண்ற பென் டிரைவ் தயார் பண்ற டூல். போடலாம், ஓடும், என்கிட்டயே ஒண்ணு ஓடுது. ஆனா அப்டேட்டுக்கு கேரண்டி இல்ல, வருஷாந்திர பெரிய அப்டேட்ட நீதான் கையால போடணும். உன் மெஷின்ல பண்ணு, அப்பா ஆபீஸ் மெஷின்ல பண்ணாத. ஹார்ட் டிஸ்க்னா மொதல்ல எஸ்எஸ்டி போடு, இல்லன்னா டெஸ்க்டாப் வர்றதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம். கோடிங் மட்டும்தான்னா விண்டோஸுக்கு பதிலா இலவச லினக்ஸ் மின்ட் 22 போட்டு பாரு, 2029 வரைக்கும் சப்போர்ட் இருக்கு.

"ஆபீஸ்ல பழைய வானவில் ஃபான்ட்ல அடிச்ச லெட்டர் ஆயிரக்கணக்குல இருக்கு. 11ல திறக்குமா?" (விழுப்புரம்)

ஃபைல் திறக்கும். ஃபான்ட் இல்லன்னா எழுத்து எல்லாம் கிறுக்கலா ஆங்கிலத்துல தெரியும், அவ்ளோதான், ஃபைல் கெட்டுப்போச்சுன்னு அலறாதீங்க. மேல அப்படியே அப்கிரேட் பண்ணா ஃபான்ட் அங்கயேதான் இருக்கும், ஃபார்மட் பண்ணாத்தான் போகும். மாறுறதுக்கு முன்னாடி ஃபான்ட்ஸ் ஃபோல்டர மொத்தமா காப்பி எடுத்துக்கோங்க. புதுசா அடிக்கறத யூனிகோடுல அடிங்க, தமிழ் 99 கீபோர்டு விண்டோஸ்லயே இருக்கு.

"24எச்2ல இருக்கேன், 25எச்2 வந்திருக்கு. வெயிட் பண்ணவா?"

ரெண்டும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான், சின்ன பேக்கேஜ், ஒரு ரீஸ்டார்ட். போடுங்க. 24எச்2 ஹோமுக்கும் 2026 அக்டோபர் 13தான் கெடு.

"2015 மேக்புக் ஏர், புது மேக்ஓஎஸ்?"

மான்டரேங்கற வெர்ஷனோட நின்னுச்சு. பேங்க் வேலைக்கு வேண்டாம்.

"போட்டு பிடிக்கலன்னா திரும்ப 10க்கு வரலாமா?" (நாகர்கோவில்)

பத்து நாளுக்குள்ள வரலாம். செட்டிங்ஸ்ல ரெகவரில கோ பேக் இருக்கும். டிஸ்ம் (DISM) கமாண்ட்ல அத 60 நாள் வரைக்கும் நீட்டிக்கலாம், ஆனா அதையும் அந்த பத்து நாளுக்குள்ள செய்யணும். இடம் அடைக்குதேன்னு, பழைய 10 இருக்கற விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர டெலீட் பண்ணிட்டு எனக்கு எழுதாதீங்க, போன தடவை மூணு பேர் எழுதினாங்க.

"ஆடிட்டர் ஆபீஸ், ஆறு சிஸ்டம். எப்ப போடறது?" (மதுரை)

மாசம் 20க்கு முன்னாடி கை வெக்காதீங்க, ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் ஃபைலிங் முடியட்டும். அதுக்கு அப்புறம் உங்களுக்கு கொஞ்சம் மூச்சு விட டைம் இருக்கும், மொதல்ல ஒரே ஒரு சிஸ்டத்துல போடுங்க, ஜூனியர் உக்கார்ற சிஸ்டம். டேலி, பிரின்டர், டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் மூணும் அதுல ஒழுங்கா வேலை செஞ்சா ஒரு வாரம் கழிச்சு மத்த அஞ்சு. டோக்கன் டிரைவர இப்பவே டவுன்லோடு பண்ணி பென் டிரைவ்ல வெச்சிடுங்க. டி டிரைவ்ல இல்ல.