மீன் பண்ணை வலைகளில் பறவைகள் ஏன் சிக்குகின்றன? எப்படித் தடுப்பது?

மீன் வளர்ப்புக் குளங்களில் நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி போன்ற பறவைகள் இறங்காதபடி மேலே விரிக்கப்படுவது பறவைத் தடுப்பு வலை. பறவையை அண்டவிடாமல் நிறுத்துவதே அதன் வேலை, பிடிப்பதன்று. இந்தியாவில் இப்பறவைகளுக்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பும் உண்டு. ஆனால் விலை குறைவு என்பதற்காக, மீன் பிடிக்கும் மெல்லிய நரம்பு (நைலான் இழை) வலையையே மேலே கட்டும்போது சிக்கல் தொடங்குகிறது.

நீருக்குள் அசையும் மீனின் மீது பார்வையைப் பதித்து இறங்கும் பறவைக்கு, நிறமற்ற மெல்லிய இழை எளிதில் கண்ணில் படுவதில்லை. தொய்ந்த வலையில் கால் பட்டதும் அது உதறுகிறது. உதற உதற இழை மேலும் சுற்றி இறுகுகிறது. மெத்தையடியில் இழுத்துச் செருகிய கொசுவலையில் கை பட்டால் கை திரும்பிவிடும், தளர்ந்து தொங்கும் கொசுவலையோ கையோடு சுருண்டு வரும் என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

ஆகவே, தடித்த, கண்ணுக்குத் தெரியும் நிறமுள்ள இழையாலான வலையை, நடுவில் தொய்ந்து நீரைத் தொடாத உயரத்தில், கம்பங்களுக்கிடையே விறைப்பாகக் கட்டி, ஓரங்களில் இடைவெளியின்றி மூட வேண்டும். என் கணிப்பில், எந்த வலையை வாங்குகிறோம் என்பதைவிட, நாள்தோறும் சுற்றிவந்து கிழிசலைத் தைப்பதும், மீன் பிடித்து முடித்த பின் வலையைச் சுருட்டி வைப்பதுமே முக்கியம். சிக்கிய பறவையை இழுக்காமல், அதன் தலையைத் துணியால் மூடி, இழைகளை வெட்டியே விடுவிக்க வேண்டும்.

வலைக்கண், அதாவது இழைகளுக்கிடையே உள்ள துளை, பெரிதாக இருந்தால் பறவை தப்பிவிடும் என்று பலர் எண்ணுவது தவறு. தலை நுழையும் அளவுள்ள கண்ணில்தான் கழுத்தும் இறக்கையும் மாட்டிக்கொள்கின்றன.