ஆபீஸ், கல்லூரிகளில் புது கம்ப்யூட்டர் வந்ததும் பழையவை எங்கே போகின்றன?

உடனே எங்கும் போகாது. ஏதாவது ஓர் அறையில் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் தூசி படிந்து கிடக்கும், ஏனென்றால் இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளை முறைப்படி ‘கண்டம்’ செய்து, அதாவது இனி உதவாது என்று அறிவித்து, கையெழுத்தாகாமல் வெளியே அனுப்ப முடியாது. அப்புறம் ஏலம். அரசு நிறுவனங்கள் பல, மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் ஏலத் தளத்தில் ஆன்லைனில் மொத்தமாக விட்டுவிடும்.

எடுத்தவர் முதலில் பார்ப்பது ஓடுமா என்றுதான். ஓடினால் சுத்தம் செய்து, ரேமைக் கூட்டி, எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) மாட்டி, சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் செகண்ட் ஹேண்டாக விற்பார்கள். விண்டோஸ் 11 ஏற்காத கம்ப்யூட்டர் என்றாலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் சில வருடம் நன்றாக உழைக்கும், தயவுசெய்து அதைக் குப்பை என்று தள்ளாதீர்கள்.

ஓடாதவைதான் எனக்குக் கவலை. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பெரிய நிறுவனங்கள் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர் அல்லது மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் காயலான் கடைக்காரர் கூடுதல் விலை தருகிறார் என்று அங்கே போவது நிறைய. கடைசியில் டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் செம்புக்காக வயரை எரிக்கிறார்கள், தங்கத்துக்காக போர்டை அமிலத்தில் போடுகிறார்கள், பல நேரம் கையுறைகூட இல்லாமல்.

இன்னொன்று, ஹார்டு டிஸ்க். ஃபைலை டெலீட் செய்தாலோ குவிக் ஃபார்மேட் செய்தாலோ தகவல் அழியாது, மாணவர் விவரம், சம்பளப் பட்டியல் எல்லாம் மீட்டெடுக்கலாம். டிஸ்க் முழுவதும் வேறு தரவை மேலெழுதி அழியுங்கள், இல்லையென்றால் கழற்றி எடுத்துத் துளை போட்டுவிடுங்கள்.