பம்பை மாற்றுவதற்கு முன்

கேள்வி: என் பழைய டீசல் லொறி வெறுமையாக நன்றாக ஓடுகிறது, கந்தளாயில் நெல் ஏற்றினால் இழுவை விழுகிறது. டீசல் அழுத்தம் குறைவாம். லிஃப்ட் பம்பை (டாங்கியிலிருந்து டீசலை இழுத்து எஞ்சின் பக்கம் தள்ளும் பம்ப்) மாற்றலாமா? – வாசகர், திருகோணமலை

பதில்: அவசரப்படாதீர்கள். பில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பாருங்கள். முன்னால் சரியாக இருந்து பின்னால் விழுந்தால் பில்டர்தான் அடைப்பு. இரண்டிலும் குறைவா? வண்டியை நிறுத்தி வைத்து, டாங்கியை விட்டுவிட்டு, ஒரு கலனிலிருந்து சுத்தமான டீசலைப் புதுக் குழாயால் நேரே பம்புக்குக் கொடுங்கள். அழுத்தம் ஏறினால் பம்பில் பிழையில்லை, டாங்கிக்குள் வலை அடைத்திருக்கும், அல்லது வெடிப்பு விழுந்த குழாய் காற்றை இழுக்கும். டாங்கிக்கும் பம்புக்கும் இடையில் பெரும்பாலும் டீசல் வெளியே சொட்டாது, அதனால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை அங்கே போட்டால் குமிழி ஓடுவது தெரியும். கலனிலிருந்து கொடுத்தும் அழுத்தம் ஏறவில்லையென்றால், மிச்ச டீசல் டாங்கிக்குத் திரும்புகிற வால்வின் ஸ்பிரிங்கையும் பாருங்கள், அது தளர்ந்தாலும் அழுத்தம் நிற்காது. அப்புறம்தான் பம்ப்.