எகிப்து பாடம் எடுப்பவர்களுக்கு: கேள்வியும் பதிலும்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் ஆசிரியர்: சார், ‘பண்டைய நாகரிகங்கள்’ பாடத்தில் எகிப்துக்கு எனக்கு இரண்டு பீரியட்தான் தேறும். மம்மி என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அதிலிருந்தே ஆரம்பிக்கலாமா?

மம்மியில் ஆரம்பித்தால் மம்மியிலேயே மணி அடித்துவிடும். நைலில் ஆரம்பியுங்கள். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. சுவரில் மாட்டிய படத்தில் அது கீழிருந்து மேலே ஏறுவதுபோல் தெரிவதால், ‘மேல் எகிப்து’ ஏன் படத்தின் அடியில் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குப் புரிவதே இல்லை. படத்தைக் கழற்றித் தரையில், திசை பார்த்து விரியுங்கள். தெற்கு முனைக்கு அடியில் இரண்டு புத்தகம் வையுங்கள். மேடு எது, பள்ளம் எது என்று தானாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது வெள்ளம். எத்தியோப்பிய மலைகளில் கோடையில் பெய்யும் மழை நீல நைல் வழியாக இறங்கி, மழையே காணாத எகிப்தில் வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும். அதை வைத்தே ஆண்டைப் பிரித்தார்கள்: வெள்ளம், விதைப்பு, அறுவடை என மூன்று பருவம், பருவத்துக்கு 4 மாதம், மாதத்துக்கு 30 நாள். 360 ஆயிற்றா? கடைசியில் 5 நாள் சேர்த்து 365. ஒன்று கவனம்: 1970இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடித்ததிலிருந்து அங்கே அந்த வெள்ளம் வருவதில்லை. ‘ஆண்டுதோறும் வெள்ளம் வருகிறது’ என்று நிகழ்காலத்தில் நோட்ஸ் கொடுக்காதீர்கள்.

பிரமிடு, துட்டன்காமன், கிளியோபாட்ரா எல்லாம் ஒரே காலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள் மாணவர்கள். எப்படிப் பிரித்துக் காட்டுவது?

ஐந்தேகால் மீட்டர் கயிறு, கொஞ்சம் துணி கிளிப். 1 செ.மீ.க்குப் பத்து ஆண்டு. கி.மு. 3100இல் எகிப்து ஒரே அரசானது, அதுதான் பூஜ்யம். மன்னன் குஃபுவின் பெரிய பிரமிடு (கி.மு. 2560 வாக்கில்) 54இல் விழும். துட்டன்காமன் இறந்தது (கி.மு. 1323 வாக்கில்) 178இல், கிளியோபாட்ரா இறந்தது (கி.மு. 30) 307இல். நாம் 512இல் நிற்கிறோம். இப்போது அளக்கச் சொல்லுங்கள்: கிளியோபாட்ராவிலிருந்து பிரமிடுக்கு 253 செ.மீ., நமக்கு 205 செ.மீ. அவள் நமக்குத்தான் கிட்டே! வகுப்பில் சத்தம் வரும், வரட்டும்.

வழக்கமாகத் தப்புவது கி.மு. கணக்கில்தான். 1323 சின்ன எண் என்று 2560க்கு முன்னால் கிளிப் போடுவார்கள். முதலில் ஒரு தடவை தப்பாகப் போட விட்டுத் திருத்தினால் அப்புறம் மறக்காது.

சார்ட்டில் பிரமிடு செய்யச் சொன்னேன். ஒருவர் செய்தது தட்டையாக, இன்னொருவர் செய்தது கூம்பாக வந்திருக்கிறது. அளவு என்ன கொடுக்க வேண்டும்?

பெரிய பிரமிடின் அடிப்பக்கம் சுமார் 230 மீட்டர், கட்டியபோது உயரம் சுமார் 146.6 மீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்கு எடுத்தால் அடி 23 செ.மீ., உயரம் 14.7 செ.மீ. பிள்ளைகள் இந்த 14.7ஐயே முக்கோணத்தின் உயரமாக வெட்டிவிடுகிறார்கள். ஆனால் முக்கோணம் சாய்ந்து நிற்கும். அதனால் பிரமிடு 9.2 செ.மீ.க்கு அமுங்கிப்போகிறது. அதுதான் உங்கள் தட்டைப் பிரமிடு. மூன்று பக்கமும் 23 என்று சமபக்க முக்கோணமாக வெட்டினவர்களுக்கு 16.3 செ.மீ. வரும். அது கூம்பு.

முக்கோணத்தின் உயரம் 18.6 செ.மீ. இருக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் பிதாகரஸ் போட்டு அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

நடுவில் சதுரம், நான்கு பக்கமும் முக்கோணம் என்று வரைந்தால் குறுக்கே 60 செ.மீ. தேவைப்படும், சாதாரண சார்ட்டில் அடங்காது. விசிறி மாதிரி வரையுங்கள்: 21.9 செ.மீ. ஆரத்தில் ஒரு வில், அதன்மேல் 23 செ.மீ. இடைவெளியில் ஐந்து புள்ளி. புள்ளிகளை நேர்க்கோட்டால் சேர்த்து, ஒவ்வொன்றையும் மையத்தோடு இணைத்தால் நான்கு முக்கோணம் கிடைக்கும். ஓரத்தில் ஒட்ட 1 செ.மீ. விடுங்கள். வில் போட நூல் வேண்டாம், இழுபடும். இரண்டு ஓட்டை போட்ட அட்டைத் துண்டு போதும்.

பிரமிடு நின்றதும் பக்கத்தில் ஒரு கடுகை வையுங்கள். அந்த அளவில் ஆள் அவ்வளவுதான்.

அதைக் கட்டியது அடிமைகளா? வேற்றுக்கிரகவாசி என்று ஒரு வாட்ஸப் வீடியோவும் சுற்றுகிறது.

கட்டியவர்களின் ஊரே, பெரிய பிரமிடு நிற்கும் கீசாவில் தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது: ரொட்டி சுட்ட அடுப்புகள், தின்ற மாட்டு எலும்புகள். பக்கத்திலேயே அவர்களுடைய கல்லறைகள். சாட்டையடி படும் அடிமைக் கூட்டம் என்ற படம் இதோடு ஒட்டவில்லை. அதற்காக எல்லோரும் விருப்பப்பட்டு வந்தார்கள் என்றும் சொல்லிவிடாதீர்கள்; அரசுக்குச் செய்தே தீரவேண்டிய முறைவேலை இருந்தது. வீடியோவுக்குப் பதில், பிரமிடு வேலையில் இருந்த மெரெர் என்ற அதிகாரியின் நாட்குறிப்பு. செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் கிடைத்த பாபிரஸ் ஏடுகள் அவை. தூரா கல்குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுபோன கணக்கை அந்த அதிகாரி நாள்வாரியாக எழுதிவைத்திருக்கிறார்.

ஆப்பிள் துண்டை உப்பில் புதைத்து ‘ஆப்பிள் மம்மி’ செய்து பார்த்தோம். அழுகி நாறிவிட்டது. எங்கே தப்பு?

பெரும்பாலும் மூடியில். மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

ஒரே எடையில் நான்கு துண்டு, துண்டுக்கு 50 கிராம் வாக்கில் எடுங்கள். தோலைச் சீவிவிடுங்கள்; தோல் நீரை வெளியே விடாது. நான்கு டம்ளர்: தூள் உப்பு மட்டும், சமையல் சோடா மட்டும், இரண்டும் பாதிப்பாதி, நான்காவது காலி. கல் உப்பு வேண்டாம், இடுக்கில் காற்று நிற்கும். துண்டு அடியிலும் மேலும் இரண்டு விரற்கடை தூளுக்குள் புதைய வேண்டும். வாயை வலைத்துணியால் கட்டுங்கள், எறும்புக்காக. மூன்றாம் நாள் தூள் கட்டிதட்டியிருக்கும். அது ஆப்பிளின் தண்ணீர். புதுத்தூள் மாற்றுங்கள். ஏழாம் நாள் தூரிகையால் தட்டிவிட்டு எடை போடுங்கள், கழுவக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் உப்பே கசியும், அப்போது இதை வைத்துக்கொள்ளாதீர்கள். யாரும் வாயில் போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எகிப்தியர் பயன்படுத்தியது நேட்ரான்: சோடியம் கார்பனேட், பைகார்பனேட், உப்பு கலந்த இயற்கைத் தாது. சோடியத்துக்கு ‘என்ஏ’ என்ற குறியீடு வந்ததே அந்தப் பெயரின் வழியில்தான். வேதியியல் ஆசிரியரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். உடல் நேட்ரானில் கிடந்தது 40 நாள் அளவில். சுற்றிக் கட்டி முடிக்க மொத்தம் 70 நாள். கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கும் தனித்தனி ஜாடிக்குப் போகும். இதயம் உடலிலேயே இருக்கும்.

பிள்ளைகள் தங்கள் பெயரைச் சித்திர எழுத்தில் எழுத ஆசைப்படுகிறார்கள்.

எழுதட்டும். உயிரெழுத்தை எகிப்தியர் பெரும்பாலும் எழுதவில்லை, மெய்யை மட்டும் பிரித்தால் போதும். குமரன் என்றால் க், ம், ர், ன்: கைப்பிடிக் கூடை, ஆந்தை, வாய், நீரலை. ழ, ள தேடாதீர்கள். விலங்கும் பறவையும் பார்க்கும் திசையிலிருந்து படிக்க வேண்டும். ஆந்தை மட்டும் முகத்தை நம் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும்; அதற்கு உடம்பைப் பாருங்கள். பெயரைச் சுற்றி நீள்வட்டம் வரைவது அரச குடும்பத்துக்கு மட்டும் உரியது என்றும் சொல்லிவிடுங்கள். எப்படியும் எல்லோரும் வரைவார்கள்.

கணக்கு வகுப்பிலும் இதைச் சேர்க்க முடியுமா?

தாராளமாக. 13 × 24 போட எகிப்தியருக்கு இரண்டாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். 1க்கு 24, 2க்கு 48, 4க்கு 96, 8க்கு 192. பதின்மூன்று என்பது 1, 4, 8. அந்த மூன்றையும் கூட்டினால் 312.

தமிழர்தான் பிரமிடு கட்டினார்கள் என்று ஒரு மாணவன் வாதாடுகிறான். தொடர்பே இல்லையா?

தொடர்பு உண்டு, காலம்தான் வேறு. செங்கடல் துறைமுகங்களான குசைர் அல்-கதீமிலும் பெரெனிகேயிலும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. பெரெனிகே கோயிலில் ஒரு இந்தியச் சாடி நிறைய, சுமார் ஏழரை கிலோ மிளகு இருந்தது. எல்லாம் ரோமர் எகிப்தை ஆண்ட காலத்து வணிகம். அவனையே கூப்பிட்டு, கயிற்றில் 315 செ.மீ. கிட்டே ஒரு மிளகைக் கட்டச் சொல்லுங்கள். பிரமிடு கிளிப் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அவனே அளந்து சொல்லட்டும்.