150 சிசி பைக்ல ஸ்பிட்டி போகலாமா, எந்தப் பக்கமா ஏறணும்?

கேள்வி கேட்டவர் 150 சிசி பைக் வெச்சிருக்கார், ஜூன் கடைசியில ஹிமாச்சல்ல இருக்கற ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கு போகணும்னு ஆசைப்படறார், பெரிய வண்டி இல்லாம முடியுமா, மணாலி வழியா போனா ஒரே நாள்ல அங்க இருக்கற முக்கிய ஊரான காசாவுக்கு போயிடலாமேன்னு கேட்டிருக்கார். வண்டி விஷயத்துல பதில் சின்னது, தாராளமா போகலாம். வழி விஷயத்துல மட்டும் கொஞ்சம் நீளமா சொல்லியே ஆகணும், ஏன்னா அங்க போய் கஷ்டப்படறவங்கள்ல பாதிப்பேர் வண்டியால கஷ்டப்படறதில்லை, உடம்பால தான்.

முதல்ல வண்டி. 4,500 மீட்டர் உயரத்துல காத்தோட அழுத்தம் நம்ம கடலோரத்துல இருக்கறதுல 60 சதவீதம் கூட வராது, அதனால எந்த இஞ்சினா இருந்தாலும் இழுவை குறையத்தான் செய்யும், உங்க வண்டியில அது கொஞ்சம் கூடவே தெரியும். கார்புரேட்டர் வண்டின்னா காத்து கம்மியா, பெட்ரோல் அதே அளவா போய் பிளக் கருப்பாயிடும், ஒரு ஸ்பேர் பிளக்கும் அதைக் கழட்டற ஸ்பேனரும் கண்டிப்பா வேணும். எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டின்னா சென்சார் பார்த்து அதுவே சரி பண்ணிக்கும். ஆனா பின்னாடி ஒரு ஆளையும் உட்கார வெச்சு ரெண்டு பக்கமும் பை தொங்க விட்டுட்டு காசாவுக்கு மேல இருக்கற கோமிக் கிராமத்து ஏத்தம் ஏறாதீங்க, ஃபர்ஸ்ட் கியர்லயே திணறும். தனி ஆள், பின் சீட்ல கட்டின ஒரே பை, அவ்வளவு தான். கிளட்ச் கேபிள் ஒண்ணு, ஆக்ஸிலரேட்டர் கேபிள் ஒண்ணு, பஞ்சர் கிட், கையால அடிக்கற பம்ப், இது போதும். காசாவுல மெக்கானிக் இருக்காங்க, உங்க வண்டிக்கான பார்ட்ஸ் இருக்கும்னு மட்டும் நம்பிட்டு போகாதீங்க.

இப்ப வழி. மணாலி சுமார் 2,050 மீட்டர். அங்கேருந்து அடல் டனல் தாண்டி (9 கிலோமீட்டர், 2020 அக்டோபர்ல திறந்தாங்க) கிராம்பூ, சத்ரு, பாத்தல்னு போய், 4,551 மீட்டர் குன்ஸும் கணவாய் ஏறி, லோசர் வழியா சாயங்காலம் காசாவுல இறங்கினா, அன்னைக்கு ராத்திரி நீங்க தூங்கறது 3,650 மீட்டர்ல. ஒரே நாள்ல தூங்கற உயரம் 1,600 மீட்டர் கூடிடுது. உயரத்துக்கு உடம்பு பழக நேரம் வேணும், அதனால 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா தூங்கற உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்கன்னு தான் டாக்டருங்க சொல்றாங்க. உங்களுக்கு 25 வயசா 45 வயசா, தினமும் ஜிம் போறீங்களா இல்லையா, அதையெல்லாம் அந்த மலை பார்க்கறதே இல்ல.

காசாவுல நான் தங்கின வீட்டுல ஒரு டீம் இருந்தாங்க, டெல்லியிலிருந்து ராத்திரி பஸ் பிடிச்சு மணாலி வந்து, வாடகை பைக் எடுத்து, மறுநாளே மேல வந்துட்டாங்க. அதுல ஒரு பையனுக்கு ராத்திரி தலைவலி, அப்புறம் வாந்தி, தண்ணி கூட உள்ள நிக்கல, சுவரைப் பிடிச்சுக்கிட்டு தான் பாத்ரூம் போறான். நல்லா வாட்டசாட்டமான பையன். ஆஸ்பத்திரியில ஆக்ஸிஜன் வெச்சாங்க, கொஞ்சம் தெளிஞ்சதும் கீழ கூட்டிட்டு போங்கன்னு சொல்லிட்டாங்க. ஜீப்ல தாபோவுக்கு இறக்கினாங்க, அது 3,280 மீட்டர் தான், மறுநாள் காலையில ரொட்டி சாப்பிட்டான்னு கூட இருந்தவங்க போன் பண்ணி சொன்னப்ப தான் வீட்டுக்கார அம்மாவுக்கே உசுரு வந்துச்சு. தலைவலி, வாந்தி, நடை தள்ளாட்டம் இதெல்லாம் வந்தா மருந்து அப்புறம், முதல் வேலை கீழ இறங்கறது. உயரத்துக்கு உடம்பு பழக உதவற டயமாக்ஸ் மாத்திரை எடுக்கறதுன்னா ஊர்லயே டாக்டர்கிட்ட கேட்டுட்டு எடுங்க, சல்ஃபா அலர்ஜி இருக்கறவங்க கட்டாயம் சொல்லணும்.

அதனால நான் சொல்றது சிம்லா வழி. சிம்லா, நார்கண்டா, அப்புறம் சட்லெஜ் கரைக்கு இறங்கி ராம்பூர், அது 1,000 மீட்டர் தான், ஜாக்கெட்டுக்குள்ள வேர்த்து ஊத்தும். ஜியோரி தாண்டினதும் கின்னௌர் மாவட்டம் ஆரம்பிச்சு பாறையைக் குடைஞ்ச ரோடு வரும், தலைக்கு மேல பாறை, ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் பாதாளம். தராண்டா தேவி கோவில்ல எல்லா லாரியும் நிறுத்தி கும்பிட்டுட்டு தான் போவாங்க, நீங்களும் நிறுத்துங்க, இஞ்சினுக்கும் ரெஸ்ட். கர்ச்சம்ல வலது பக்கம் திரும்பினா சாங்க்லா, சித்குல். நேரா போனா ரெக்காங் பியோ, அதுக்கு மேல கல்பா, 2,960 மீட்டர். கல்பாவுல ரெண்டு ராத்திரி கண்டிப்பா இருங்க. எதிர்ல கின்னர் கைலாஷ் மலை, சுத்தி ஆப்பிள் தோட்டம், சும்மா நடந்தாலே போதும், உடம்பு தானா பழகிடும்.

பியோவுக்கு கீழ பவாரியில டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்புங்க. அங்கேருந்து காசா கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், காசா பங்க் வரைக்கும் நடுவுல எதையும் நம்பாம போறது தான் புத்தி. அந்த காசா பங்க் 3,740 மீட்டர்ல இருக்குன்னு போர்டே வெச்சிருக்காங்க, லோடு வரலேன்னா மூடி கிடக்கும், அதனால அங்க போய் சேர்ந்ததும் முதல் வேலையா போட்டுடுங்க.

பூங்கற ஊரைத் தாண்டி காப்ங்கற இடத்துல திபெத்திலிருந்து வர்ற சட்லெஜ்ல ஸ்பிட்டி ஆறு வந்து கலக்குது. அங்க பாலத்தைத் தாண்டினதும் ஏத்தம், கா லூப்புன்னு சொல்லுவாங்க, கொண்டை ஊசி மேல கொண்டை ஊசி, மரம்னு ஒண்ணு கூட கிடையாது, மொத்தமும் மண்ணும் கல்லும். ஏறி முடிச்சா நாக்கோ, சின்ன ஏரி, 3,600 மீட்டருக்கு மேல. தலை லேசா பாரமா இருந்தா நாக்கோவுல தங்காம சும்தோ வழியா தாபோ போயிடுங்க, அது கீழ தான் இருக்கு. தாபோ மடாலம் 996ல கட்டினது, வெளியில பார்த்தா வெறும் மண் சுவர் தான், உள்ள போனா ஆயிரம் வருஷத்து ஓவியமும் சுவர்ல பதிச்ச மண் சிலைகளும், இருட்டு பழகினதும் ஒவ்வொண்ணா கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். உள்ள போட்டோ எடுக்கக்கூடாது. இந்தப் பயணத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது தான், ஒரு முழு மத்தியானம் ஒதுக்குங்க. இப்படி படிப்படியா வந்தா காசா வர்றப்ப உடம்பு தயாரா இருக்கும், அப்புறம் கீ, கிப்பர், லாங்ஸா, ஹிக்கிம் போஸ்ட் ஆபீஸ், கோமிக் எல்லாம் பகல்ல போயிட்டு ராத்திரி காசாவுக்கே திரும்பிடலாம். லாங்ஸாவுல பசங்க நத்தை மாதிரி சுருண்ட கல்லைக் காட்டுவாங்க, அது அந்த இடம் கடலா இருந்த காலத்து உயிரோட படிவம், பாருங்க, ஆனா காசு குடுத்து வாங்காதீங்க, அது அந்த மலையிலயே இருக்கட்டும்.

திரும்பறது குன்ஸும் வழியா, மணாலிக்கு. லோசர் பாத்தல் சத்ரு பக்கம் ரோடு வேலை நடக்குது, ஆனாலும் நாலாங்க இருக்கு, அதாவது பனி உருகி ரோட்டுக்கு குறுக்கா ஓடற தண்ணி. காலையில முழங்காலுக்கு கீழ இருக்கும், வெயில் ஏற ஏற உருகி மத்தியானம் ரெண்டு மடங்காயிடும், அதனால விடியறப்பவே கிளம்பணும். வண்டியை ஓரம் கட்டிட்டு முதல்ல நடந்து பாருங்க, தண்ணி சாம்பல் கலர்ல கலங்கி வரும், அடியில கால்பந்து சைஸ்ல உருண்டைக் கல் இருக்கறது கண்ணுக்குத் தெரியாது, காலுக்கு தான் தெரியும். அப்புறம் ஃபர்ஸ்ட் கியர், ஆக்ஸிலரேட்டரை ஒரே சீரா பிடிங்க, நடுவுல கிளட்ச் பிடிக்காதீங்க, கண்ணு முன் வீல்ல இல்லாம எதிர்க் கரையில இருக்கட்டும். இஞ்சின் ஆஃப் ஆயிடுச்சுன்னா சைலன்சருக்குள்ள தண்ணி போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரா தள்ளி கரை ஏத்திடணும், அதனால தனியா வந்திருந்தா அடுத்த வண்டி வர்ற வரைக்கும் காத்திருங்க, அந்த ரோட்டுல யாரும் நிறுத்தாம போக மாட்டாங்க. குன்ஸும் பக்கத்துல இருக்கற சந்திரதால் ஏரி, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல 2005லேயே வந்த இடம், பார்க்கிங் போட்ட இடத்துல வண்டியை விட்டுட்டு மீதியை நடந்து போங்க, புல் மேல வண்டி ஓட்டி வீடியோ எடுக்கறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும்.

கடைசியா மாசம். ஜூன் கடைசின்னா குன்ஸும் பெரும்பாலும் திறந்திருக்கும், ஆனா நாலாவுல தண்ணி அதிகம், கின்னௌர் பக்கம் மழையும் ஆரம்பிச்சுடும். அந்த மழையை லேசா எடுத்துக்காதீங்க. 2021 ஆகஸ்ட்ல நிகுல்சாரியில மலை சரிஞ்சு ஒரு பஸ்ஸையும் மத்த வண்டிகளையும் மூடி இருபது பேருக்கு மேல செத்தாங்க, 2023 ஜூலையில சந்திரதால்ல டூரிஸ்ட்டுங்க பனியில நாள்கணக்கா மாட்டிக்கிட்டாங்க. லீவை செப்டம்பருக்கு மாத்த முடியும்னா மாத்துங்க, மழையும் ஓய்ஞ்சிருக்கும், நாலாவும் வடிஞ்சிருக்கும், பட்டாணி அறுவடை முடிஞ்சு ஊர்லயும் ஆளுங்க கொஞ்சம் ஓய்வா பேசுவாங்க. எந்த மாசம் போனாலும் குன்ஸும் மூடிட்டா வந்த வழியே கின்னௌர் பக்கமா திரும்பற மாதிரி கையில ரெண்டு மூணு நாள் வெச்சுக்கிட்டு ரிட்டர்ன் டிக்கெட் போடுங்க.