நாற்பதுக்கு மேல் வரும் அசதி: கடலூர் மகளிர் குழுவில் கேட்டதும் சொன்னதும்

முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடலூர் முதுநகரில் எங்கள் குழு கூடும்போது வரவு செலவு முடிந்ததும் உடம்புக் கதை தொடங்கிவிடும். போன கூட்டத்தில் வந்ததெல்லாம் அசதியைப் பற்றிய கேள்விகள்தான். வராதவர்களும் கேட்டதால் எழுதி வைக்கிறேன்.

அக்கா, எனக்கு 44 வயசு. விடியற்காலை துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கிறேன். ஒரு வருஷமாகக் கூடையைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. தீட்டு பத்து நாள் போகிறது, கட்டி கட்டியாகப் படுகிறது. நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

பாதிதான் சரிம்மா. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. அதற்குச் சில வருடம் முன்பிருந்தே சில மாதங்களில் கருமுட்டை வெளிவராது. அந்த மாதம் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரக்காது, கர்ப்பப்பையின் உள்படலம் தடித்துக்கொண்டே போய் மொத்தமாகக் கொட்டும். அது வயசின் வேலை. ஆனால் உனக்கு மூச்சு வாங்குவது வயசால் இல்லை, ரத்தம் போனதால் என்றுதான் நினைக்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார். 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 12க்கு மேல் இருந்தாலும் விடாதே, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். ஹீமோகுளோபின் கையில் புழங்குகிற பணம், ஃபெரிட்டின் நம் குழுவின் சேமிப்புக் கணக்கு. கையில் காசு இருக்கும்போதே கணக்கு காலியாகியிருக்கும். ஃபெரிட்டின் 30க்குக் கீழே என்றால் இரும்புச் சத்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வெறும் அசதி அப்போதே தொடங்கிவிடும்.

ஏழு நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ ஸ்கேன் எடுத்தாக வேண்டும். நார்த்திசுக் கட்டியா, படலத்தில் கோளாறா என்று பார்ப்பார்கள். எடுத்த எடுப்பில் "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரையும் பார். மாத்திரை இருக்கிறது, உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. வேலை முடிந்துவிட்ட உறுப்புதானே என்று சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ ரத்தப் பரிசோதனைக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

இரும்புச் சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் வேறு. நிறுத்திவிட்டேன்.

கறுப்பு இரும்பின் நிறம், பயப்படாதே. தினமும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதுண்டு, உடம்பிலும் நன்றாகவே சேரும். மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள். எலுமிச்சைச் சாற்றோடு போடு. டீ மட்டும் கூடாது, ஒரு மணி நேரமாவது தள்ளி வை. நம் ஊரில் சாப்பிட்டுக் கை கழுவியதுமே டீ வந்துவிடுகிறது. முருங்கைக்கீரையில் இருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்பையும் அந்த டீ தடுத்துவிடும். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாதே, சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதமாவது ஆகும்.

தைராய்டு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் காலையில் ஒன்றாகவே போட்டுவிடுகிறேன், மறக்காமல் இருக்க.

அப்படிப் போட்டால் இரும்பு தைராய்டு மாத்திரையை உடம்பில் சரியாகச் சேரவிடாது. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு. காபிக்கு அரை மணி நேரமாவது இடைவெளி. இரும்பு, கால்சியம் எல்லாம் நான்கு மணி நேரம் கழித்து. அசதி என்று வருகிற எல்லாருமே ஒரு தடவை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுவது நல்லது.

திருப்பாதிரிப்புலியூரில் ஆசிரியையாக இருக்கிறேன், 47 வயது. ரத்தம், தைராய்டு எல்லாம் சரி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து எழுந்துவிடுகிறேன். பகலில் மூன்று காபி குடித்துச் சமாளிக்கிறேன்.

டீச்சர், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும்போது மூளையில் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதி சின்ன மாற்றத்துக்கும் பதறிவிடும். அதுதான் வியர்வை. மூன்றாவது காபியை விடுங்கள். மாலையில் குடித்தது நடுராத்திரியிலும் ரத்தத்தில் இருக்கும். நம் கடலோரப் புழுக்கத்துக்குப் பருத்தி நைட்டி, மின்விசிறிக்கு நேராகப் படுக்கை. இதெல்லாம் செய்தும் வாரத்தில் பாதி நாள் தூக்கம் கெட்டால் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்களுக்குப் பொதுவாக அது கொடுப்பதில்லை, வேறு மருந்து உண்டு. அப்புறம், நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் இந்த வயதில்தான் கூடும்.

சில்வர் பீச்சில் நடந்துவிட்டு வந்தால் அன்றைக்கு முழுக்கப் படுத்துவிடுகிறேன். நடக்கத்தான் வேண்டுமா?

முதலில் ரத்தம் பார்த்தாயா? அது குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு நட. இல்லையென்றால் பத்து நிமிஷத்தில் தொடங்கு, மணலில் வேண்டாம், ரோட்டில். இந்த வயதில் தசை கரைகிறது, அதற்கு நடை மட்டும் போதாது. கையை ஊன்றாமல் நாற்காலியில் பத்துத் தடவை உட்கார்ந்து எழு. வெறும் கூழோடு வெயிலில் இறங்காதே. கூட ஒரு முட்டை, நெத்திலி, இல்லை ஒரு கை அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை).

எனக்கு 52. நின்று பதினாலு மாதம் ஆச்சு. போன வாரம் கொஞ்சம் பட்டது, திரும்பத் தெம்பு வருகிறதோ என்று சந்தோஷப்பட்டேன்.

இல்லைம்மா. பன்னிரண்டு மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது மாதவிலக்கு இல்லை. பெரும்பாலும் சின்னக் காரணமாகத்தான் இருக்கும், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும். அடுத்த கூட்டம்வரை பொறுக்காதே. நாளைக் காலையில் போ, துணைக்கு நான் வருகிறேன்.